தொட்டி இல்லாத பூங்காவில் சரஸ் அக்காவின் கடை

1

பூச்சோங்கில் எங்கள் குடியிருப்புக்கு நடுவே ஒரு ஏரிப் பூங்கா இருக்கிறது. ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது. மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் வராமல் இருக்க வெட்டிய பெரிய குளம் அது. சுற்றிலும் நடைபாதை, கொஞ்சம் மரங்கள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே இரண்டு சுற்று நடப்பேன். நடந்து முடித்ததும் ஒரு வாழைப்பழம். தோலைக் குளத்தோரக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவேன். நடைக்காகப் பழமா, பழத்துக்காக நடையா என்பது என் மனைவி கலாவுக்கு நெடுநாள் சந்தேகம்.

போன வருஷம் ஒரு ஞாயிறு அன்று பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்பினால் தொட்டியைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் வட்டமாக ஒரு சிமெண்ட் தடம் மட்டும் இருந்தது. சரி, பழுதுபார்க்க எடுத்துப் போயிருப்பார்கள் என்று அடுத்த தொட்டிக்கு நடந்தேன். அங்கேயும் வட்டம். அதற்கடுத்தும் வட்டம். எதிரே வந்தவர்களைப் பார்த்தேன். ஒருவர் கையில் காலிப் போத்தல், ஒரு பெண்மணி கையில் கசங்கிய டிஷ்யூ. எல்லோரும் ஏதோ நேர்த்திக்கடன் போல எதையாவது ஏந்திக்கொண்டு குளத்தைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

வாசலில் ஒரு புதுப் பலகை நட்டிருந்தார்கள். உங்கள் குப்பை உங்கள் பொறுப்பு, வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள் என்று மலாயில் எழுதியிருந்தது. ஆறு மாதச் சோதனை முயற்சியாம். கீழே குடியிருப்போர் சங்கத்தின் பெயரும், பக்கத்துப் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தின் பெயரும்.

தோலோடு வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் நின்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். வரி கட்டுகிறோம், பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம், ஒரு தோலைப் போட இடமில்லை, இப்படி ஒரு யோசனை எந்த மேதைக்குத் தோன்றியதோ என்றெல்லாம் கேட்டேன். என் மகள் மது ரொட்டியில் கவனமாக வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பள்ளியில் கடைசி வருஷம் அவளுக்கு. தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அது எங்க கிளப் கேட்டதுப்பா. நான்தான் செக்ரட்டரி."

கலா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

2

திருச்சியிலிருந்து நான் இங்கே வந்து இருபது வருஷம் ஆகப் போகிறது. வந்த புதிதில் பிரிக்ஃபீல்ட்ஸில், சாமான் ஏற்றி இறக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மலாயில் பத்து வார்த்தை தெரிந்தால் ஒப்பேற்றிவிடலாம் என்று நண்பர்கள் தைரியம் கொடுத்திருந்தார்கள். நானும் பத்து வார்த்தை படித்தேன். ஒருநாள் வாடிக்கையாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் மேலாளருக்குப் போன் போட்டு, நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று மலாயில் பெருமையாகச் சொன்னேன். சேர்ந்துவிட்டேன் என்பதற்கு அவர்கள் சொல் 'சம்பாய்'. என் வாயில் வந்தது 'சம்பா'. நமக்குச் சம்பா என்றால் நெல். இவர்களுக்குக் குப்பை. நான் குப்பையாகிவிட்டேன் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்திருக்கிறேன். அவர் தமிழில் சொன்னார்: "பரவால்ல தம்பி, அங்கயே இருங்க. லோரி வரும், ஏத்திக்குவாங்க."

அதற்குப் பிறகு மலாய் பேசுவதை முடிந்தவரை தள்ளிப் போட்டேன். அதிலேயே இருபது வருஷம் போய்விட்டது. குடிநுழைவு அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது மதுதான் எனக்கு மொழிபெயர்ப்பாளர். எண்ணைக் கூப்பிட்டதும் நானும் கலாவும் அவளை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நிற்போம். எங்கள் மூன்று பேருக்கும் இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி இருக்கிறது. ஓட்டு கிடையாது. தேர்தல் நாளன்று தெருவே வரிசையில் நிற்கும். நான் வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருப்பேன்.

தொட்டி போன கதையைத் திருச்சியில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நான் ஊரில் இருந்தபோது எங்கள் தெருமுனையில் சிமெண்ட் உறை ஒன்று இருந்தது. அதுதான் தொட்டி. அதற்கு உள்ளே விழுந்ததைவிட வெளியே விழுந்ததுதான் அதிகம். இரண்டு மாடுகள் அதற்கு நிரந்தரக் காவல். அக்கா சொன்னாள்: "நம்ம தெருவுலயும் அத எடுத்து ரொம்ப நாளாச்சுடா. காலைல பாட்டுப் போட்டுக்கிட்டு வண்டி வரும். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி. மாத்திக் கொடுத்தா அந்தப் பொண்ணு வாங்க மாட்டேங்குது." நான் விட்டுவந்த தெரு எனக்கு முன்னால் போய் நின்றது அன்றைக்குத்தான் தெரிந்தது.

3

மது சொன்ன காரணங்கள் நியாயமாகத்தான் இருந்தன. பூங்காத் தொட்டிகளில் பூங்காக் குப்பை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் காரில் கொண்டுவந்து போட்டது. வீட்டுக் குப்பை மூட்டைகள், டயப்பர், டுரியான் பழப் பருவத்தில் முள்ளும் தோலுமாகப் பைகள். குரங்குகள் வந்து மூட்டைகளைக் கிழித்து, ஊஞ்சல் வரைக்கும் பரப்பி வைக்கும். தொட்டியை எத்தனை பெரிதாக்கினாலும் அத்தனையும் நிரம்பிற்று. தொட்டியே இல்லாவிட்டால் மூட்டை கொண்டுவருபவர்கள் நிற்பார்கள், குரங்கும் போய்விடும் என்பது மன்றத்தின் கணக்கு.

கணக்கு முக்கால்வாசி சரியாக வந்தது. மூட்டைகள் நின்றன. குரங்குகள் இரண்டு வாரம் வந்து வட்டத் தடங்களைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாலைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்புக்கு மாறிப் போயின. (அந்தக் குடியிருப்பின் சங்கம் எங்கள் மீது கோபமாக இருக்கிறது.) நானும் பழகிக்கொண்டேன். காற்சட்டைப் பையில் பிளாஸ்டிக் பை ஒன்று மடித்து வைத்துக்கொண்டு போவேன். ஒருமுறை பையை மறந்து தோலை அப்படியே ஜேபியில் வைக்க, அது துணியோடு துணியாகத் துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுச் சட்டைகளில் பழ வாசனை. கலா அதன்பின் என் ஜேபிகளைச் சோதனை போட்டுத்தான் துணியை எடுக்கிறாள்.

வராமல் போன கால்வாசிதான் பிரச்சினை. கையில் இருப்பதைப் போட இடமில்லாதவர்களில் சிலர் செடி மறைவில் செருகினார்கள். ஊஞ்சல் கம்பியின் ஓட்டைக்குள் திணித்தார்கள். அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. பழுப்புக் காகிதமும், உள்ளே ஒட்டிய வாழையிலையும். நாசி லெமாக் பொட்டலம். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, மிளகாய் அரைத்த சம்பால், கொஞ்சம் நெத்திலி, பாதி முட்டை. இந்த நாட்டின் காலை அதில்தான் விடிகிறது. எங்கள் பூங்கா வாசலில் அதை விற்பது சரஸ் அக்கா.

சரஸ் அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். பிறந்தது கிள்ளானில், கல்யாணமாகி வந்தது பூச்சோங். கணவர் பக்கவாதம் வந்து வீட்டோடு இருக்கிறார். பழைய வேன் ஒன்றின் பின்கதவைத் திறந்து வைத்தால் அதுதான் கடை. வெளிச்சம் வருவதற்குள் பொட்டலங்கள் கோபுரமாக அடுக்கியிருக்கும். கட்டுத் தேநீர் என்று ஒன்று கொடுப்பார். பிளாஸ்டிக் பையில் தேநீரை ஊற்றி, உறிஞ்சு குழல் செருகி, ஓரத்தில் முடிச்சுப் போட்டுத் தருவது. வாடிக்கையாளர் எல்லோரும் அவருக்கு அண்ணே, அங்கிள், பாஸ். நான் மட்டும் தம்பி. அவர் பேச்சில் இந்த ஊர் 'லா' ஒன்று பொருளில்லாமல் ஒட்டிக்கொண்டே வரும்.

குடியிருப்போர் வாட்சப் குழுவில் பழுப்புக் காகிதத்தின் படங்கள் தினமும் வர ஆரம்பித்தன. புல்லில் ஒன்று, சாக்கடையில் ஒன்று, குளத்தில் மிதப்பது ஒன்று. ஒருவர் எழுதினார்: தொட்டியை எடுத்தது சரி, குப்பையின் ஊற்றை விட்டுவிட்டோம், அந்த வேனையும் எடுத்துவிட்டால் பூங்கா சுத்தமாகிவிடும். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. கடையின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று நகராண்மைக் கழகத்துக்குப் பரிந்துரைக்கலாமா என முடிவு செய்யக் கூட்டம் அறிவித்தார்கள்.

மறுநாள் காலை அக்கா என்னிடம் அதைப் பற்றித்தான் பேசினார். எப்போதும் போல் கை பொட்டலம் மடித்துக்கொண்டே இருந்தது.

"எந்தப் புண்ணியவான் யோசனையோ தெரியல தம்பி. தொட்டியத் தூக்கிட்டாங்க, இப்ப என்னயத் தூக்கப் போறாங்களாம். நான் எங்க லா போறது?"

புண்ணியவானின் அப்பாவாகிய நான் தேநீர்ப் பையின் குழலை உறிஞ்சத் தொடங்கினேன்.

4

வீட்டில் மதுவிடம் சொன்னேன். குற்றம் சாட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பேசினேன்; குரலில் இருந்திருக்கும். குப்பை போடுவது ஆட்கள், கடை இல்லை என்றாள் ஆங்கிலத்தில். அதைக் கூட்டத்தில் சொல்லேன் என்றேன். மன்றத்தில் பாதிப்பேர் கடை போக வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள், செயலாளராக இருந்துகொண்டு அவள் எதிர்த்துப் பேசினால் நன்றாக இருக்குமா என்றாள். பிறகு அறைக் கதவை மூடிக்கொண்டாள். இந்த வயதில் மூடும் கதவுகளைப் பற்றி ஊரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே கூடுதலாக ஒன்று உண்டு. கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கும் பேச்சு நமக்கு முழுதாகப் புரியாத மொழியில் நடக்கும்.

சனிக்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது மதுவும் வந்து நின்றாள். வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அவள் தமிழில் ஒத்திகை பார்க்கிறாள் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எங்களோடு பேச அவளுக்கு ஐம்பது அறுபது தமிழ் வார்த்தை போதும். சாப்பாடு, சாவி, சார்ஜர். இது அதற்குள் அடங்காத விஷயம்.

வேனுக்கு முன்னால் கூட்டம் குறையும்வரை காத்திருந்தாள். அப்புறம் நேராகப் போய் நின்றாள்.

"ஆன்டி, தொட்டிய எடுக்கச் சொன்னது நான்தான். நான் உங்கள மன்னிக்க வந்தேன்."

அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

"நீ என்னய மன்னிக்கிறதுக்கு நான் என்ன மா செஞ்சேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மதுவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. காது வரை சிவந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்று சொல்ல வந்தாள் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேக்கணும்னா முன்னயே வந்திருக்கணும் மா. தொட்டிய எடுக்கிறதுக்கு முன்ன. சாயங்காலம் நடக்க வர்றவங்க எல்லாத்தையும் கேட்டீங்களாமே. நான் தெனம் இங்கதான் நிக்கிறேன். ஒரு பேச்சு கேட்டீங்களா?"

மது தலையை ஆட்டினாள், இல்லை என்று. அக்கா கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நீ படிக்கிற பிள்ளை, போய்ப் படி என்றார். அத்துடன் பேச்சு முடிந்தது. திரும்பும் வழியில் மது அழுதாள். நான் சும்மா நடந்தேன். தோளில் கை போடலாமா என்று யோசிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

ஞாயிறு காலை அவள் அறையில் இல்லை. பதறிப்போய்ப் பூங்காவுக்கு ஓடினேன். வேனுக்குப் பக்கத்தில் நின்று எலுமிச்சம்பழ அளவுக்குச் சம்பாலை இலையில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன் அக்காவே சொன்னார், போன்னு சொன்னேன், போக மாட்டேங்குது, சும்மா நிக்கிறதுக்கு வேலையாவது செய்யட்டும் என்று.

என்ன செய்யலாம் என்று மதுவிடம் நிறைய யோசனை இருந்தது. பொட்டலத்துக்கு எண் போடுவது, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் சலுகை, விழிப்புணர்வுச் சுவரொட்டி. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறொன்று சொன்னார். பொட்டலத்தோடு உள்ளே போனால்தானே உள்ளே விழும். நடந்து முடித்துவிட்டு வருபவர்களுக்குத்தான் இனிப் பொட்டலம், அதுவும் வீட்டுக்குப் போகும் கையோடு. இங்கேயே பசியாற விரும்புகிறவர்கள் வாசல் மதிலில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடட்டும். இலை அவருடைய கூடைக்கு. கட்டுத் தேநீர் நிறுத்தம்; வேண்டுமானால் கண்ணாடிக் குவளையில் குடித்துவிட்டுப் போகட்டும்.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. காரை நிறுத்தாமலே கண்ணாடியை இறக்கிக் கேட்பவர்கள், தட்டா என்று முகம் சுளித்துப் போய்விட்டார்கள். பொட்டலம் வாங்கிக்கொண்டு குளத்தோர பெஞ்சில் தனியாக உட்கார்ந்து தின்பதே வழக்கமாக இருந்த சீனப் பெரியவர் ஒருவர் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, தட்டை வாங்கி, மதிலின் கோடியில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த மலாய்க்காரரோடு மீன் பிடிப்பதைப் பற்றி அவர் பேசிய பேச்சு நான் மூன்று குவளை தேநீர் குடித்தும் முடியவில்லை.

5

கூட்டம் சமூக மண்டபத்தில் நடந்தது. சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அசிஸ் என்று பெயர், நிதானமான மனிதர். வேனை எடுக்கச் சொல்லிக் குழுவில் எழுதியவர் பழுப்புக் காகிதப் படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். மன்றத்துப் பிள்ளைகள் ஒரு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மது அவர்களோடு உட்காரவில்லை. அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளுடைய நெருங்கிய தோழி இவள் பக்கம் திரும்பவே இல்லை.

மது எழுந்து மலாயில் பேசினாள். எனக்கு எல்லாம் பிடிபடவில்லை. பிடிபட்டவரை இதுதான். அந்தப் படங்கள் முன்பு எடுத்தவை, இந்த இரண்டு வாரத்தில் எடுத்த படம் ஒன்றாவது இருந்தால் காட்டுங்கள் என்றாள். தொட்டியை எடுக்கலாமா என்று சாயங்காலம் பூங்காவில் நடக்கிறவர்களை எல்லாம் கேட்டோம், அங்கே வேலை செய்கிற ஒரே ஆளைக் கேட்கவில்லை, அது எங்கள் தவறு, அதற்குத் தண்டனையை அவர் அனுபவிக்கக் கூடாது என்றாள்.

தலைவர் அக்காவைப் பேசச் சொன்னார். அக்கா எழுந்து சந்தை மலாயில் சுருக்கமாகப் பேசினார். ஒரே ஒரு இடத்தில் மண்டபம் சிரித்தது. யார் யார் சம்பாலை அதிகம் கேட்டு வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும், இந்த அறையில் பாதிப்பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள் என்றாராம். பக்கத்தில் இருந்தவர் எனக்குச் சொன்னார்.

கடை இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தலைவர். என் கை பாதியில் நின்றுவிட்டது. நான் குடிமகன் இல்லையே, இதில் எனக்கு உரிமை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அசிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நீங்கள் இங்கேதானே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன என்றார்.

கையைத் தூக்கினேன். இந்த நாட்டில் நான் போட்ட முதல் ஓட்டு ஒரு நாசி லெமாக் கடைக்கு. பக்கத்தில் கலா தன் கையை என்னைவிட உயரமாகத் தூக்கிக்கொண்டிருந்தாள். எண்ணத் தேவையில்லாத அளவுக்குக் கைகள் இருந்தன. மன்றத்து வரிசையில் கடைசியாக ஒரு கை எழுந்தது. திரும்பிப் பார்க்காத அந்தத் தோழியுடையது.

சோதனைக் காலம் முடிந்தது. தொட்டிகள் திரும்பி வரவில்லை, கேட்பாரும் இல்லை. அக்காவுக்கு வியாபாரம் முன்னைவிடக் கொஞ்சம் குறைவுதான். கார்க்காரர்கள் போனது போனதுதான். அதை அவர் மதுவிடம் மறைக்கவில்லை. மதுவும் கேட்காமல் இருக்கவில்லை. சனி, ஞாயிறு காலைகளில் அவள் இப்போதும் வேனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள். கணவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாட்களில் அக்கா சாவியை அவளிடம்தான் கொடுக்கிறார்.

போன வாரம் திருச்சியிலிருந்து அக்கா பேசினாள். நான் குளித்துக்கொண்டிருந்ததால் மது எடுத்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கூடத்தில் தமிழ் கேட்டது. நான் சொல்லிக் கொடுத்த தமிழ் இல்லை அது.

"பசியாறிட்டீங்களா அத்தை? நான் இன்னும் இல்ல லா, கடைய இப்பத்தான் கட்டி வச்சோம். இன்னிக்கு செம்ம கூட்டம், ஒரு இலைகூட மிச்சமில்ல."

என்னைப் பார்த்ததும் போனை நீட்டினாள். அக்கா எடுத்த எடுப்பில் கேட்டாள்: "என்னடா, பொண்ணு இப்படிப் பொளந்து கட்டுது? வாயே தெறக்காதே, யார்ட்ட கத்துக்கிச்சு? சரி, லீவுக்கு நம்ம ஊருக்கு எப்ப வர்றீங்கன்னு அதுகிட்டயே கேளு."

மதுவிடம் கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நாம எத்தன தடவ போய்ட்டோம்ப்பா. இந்தத் தடவ அத்தைய நம்ம ஊருக்கு வரச் சொல்லுங்க."

அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் உடனே, பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும் என்று கேட்டாள்.